குற்றம் பார்த்த சுற்றம்

ஒன்பது நொடிக் காணொளி.
மை காயாத பலகையிலிருந்து
காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து
மெல்ல உரிக்கிறேன்;
வாய்கொள்ளாமல் மீன் கவ்விய பஃபின் பறவை ஒன்று
ஈரத்தோடு வெளியே வருகிறது.

நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.
பார்த்தார்கள் என்றால்,
அவர்கள் கட்டைவிரல் போன வழியில்
நானும் இருந்தேன்.
இதயங்கள், தீச்சுடர்கள், கைதட்டும் மஞ்சள் கைகள்.
அந்த வாரம் விற்றது ஒரே ஒரு படம்.
வாங்கியவள் என் பல் மருத்துவர்.

தோர்ஷாவ்ன் துறைமுகத்தில்
மீன் கிடங்கு மாடியில் என் அறை.
பக்கத்து அறையில் கம்பளி பின்னும் மார்யுன் சொன்னாள்:
"அந்த ஆறு உன்னுடையதில்லை, ரான்வா.
எந்த நாளும் மடை மாற்றுவார்கள்.
ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி வாங்கி வை.
அது குடத்துத் தண்ணீர்."

என்னிடம் அப்போது பதினேழு இருந்தன.
அதில் மூன்று என்னுடையவை.

முகவரி தாருங்கள்,
மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று
அறிவித்துப் பார்த்தேன்.
கடலில் கரைத்த பெருங்காயம்.

பிறகு ஓர் இரவு
எண்ணூறு பாராட்டுகளுக்கு அடியில்
ஒரு வரி கிடந்தது:
"பஃபினுக்குப் பின்விரல் கிடையாது."

ட்ரோண்டூர் என்று பெயர்.
எதிரே தெரியும் நோல்சோய்த் தீவில்
பறவைக் கால்களுக்கு வளையம் மாட்டுகிறவர்.
முதலில் கோபம்தான் வந்தது.
அப்புறம் பலகையைப் பார்த்தேன்.
நாலு விரல். அசல் கோழிக்கால்.

இதுவரை எத்தனை கால்கள் பிடித்திருப்பீர்கள் என்று கேட்டேன்.
"எண்ணியதில்லை. கடித்தவை மட்டும் நினைவிருக்கின்றன."
திருத்திச் செதுக்கி அனுப்புகிறேன், எங்கே அனுப்ப?
முகவரி வந்தது.
பதினெட்டு.

அன்றுமுதல் புகழ்ந்தவருக்கு ஒரு நன்றி,
குறை சொன்னவருக்கு ஒரு கேள்வி.
அபர்தீனில் ஒரு பழைய மாலுமி:
"அந்த முடிச்சு அலையில் அவிழ்ந்துவிடும்."
வேறு எப்படிப் போடுவது?
பெர்கனில் ஒரு பெண்:
"அந்த ஆடு சினை. தெரிந்துதான் வரைந்தீர்களா?"
தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?
சூப் ஆறிப்போகும். உருளையில் மை கட்டிப்போகும்.
பதில் எழுதிக்கொண்டே இருப்பேன்.

அறுபத்தெட்டு ஆனபோது
எனக்கு ஆசை வந்தது.

மார்ச் மாதக் கடிதத்தில்
சிப்பிபிடிப்பானுக்குக் கறுப்பு அலகு வைத்தேன்.
வேண்டுமென்றே.
அதன் சிவந்த அலகு
இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.
பதில்கள் கொட்டின, முப்பத்தொன்று.
ஒருவர் இன்னொருவருக்குக் காட்டி
புதிதாக ஒன்பது முகவரிகள்.
மார்யுன் கிடங்கு அதிரச் சிரித்தாள்.

ட்ரோண்டூரின் பதில் கடைசியாக வந்தது:
"பின்விரல் உங்களுக்குத் தெரியாது.
அலகு தெரியும்."

அவ்வளவுதான்.
கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில்
நானே வைத்திருந்த 'இனி வேண்டாம்' பொத்தானை
அவர் அழுத்தியிருந்தார்.

விலகியவருக்கு எழுதக் கூடாதாம், சட்டம்.
சட்டம் இல்லாவிட்டாலும்
என்னவென்று எழுதுவேன்?
அப்போதுதான் உறைத்தது.
திருத்திய பஃபினை
அவருக்கு நான் அனுப்பவே இல்லை.
வாங்கிய முகவரியை எண்ணினேன்,
கொடுத்த வாக்கை எண்ணவில்லை.

பலகையைத் தேடி எடுத்தேன்.
இரண்டு பின்விரல்களையும் செதுக்கி எறிய
நாலு நிமிடம் ஆனது. நாலே நிமிடம்.

மறுபடி ஒன்பது நொடி.
மூலையைப் பிடித்து உரிக்கிறேன்.
முகவரி கேட்கவில்லை, ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.
அளக்காமல் ஆற்றில் விட்டேன்.
எத்தனை லட்சம் கட்டைவிரல்கள் தாண்டிப் போனாலும்
எனக்கு வேண்டியது ஒன்று.

நோல்சோய்க்குக் கடைசிப் படகு போய்விட்டது.
ஜன்னலில் அந்தத் தீவு, ஏழெட்டு விளக்குகள்.
எது அவருடையது, தெரியாது.

மை காய மூன்று நாளாகும்.
அதற்குள் யாராவது
மீனைப் பற்றி ஏதேனும் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.